அப்பாவோட பிர்னோ .22ம் டெல்லிக் குளிரும்

2019 டிசம்பர் கடைசி. துக்ளகாபாத்ல துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்ச்ல காலைல பனி இன்னும் விலகல, 50 மீட்டர்ல இருக்கற டார்கெட் கார்டு சாம்பல் கலர்ல மங்கலா தெரியுது, கையுறைய கழட்டி வெச்சுட்டு படுத்து, மூச்ச பாதி விட்டு நிறுத்தி, ட்ரிக்கர மெதுவா இழுத்தேன். "டக்"னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். தோட்டா வெடிக்கல. அப்பா நாப்பது வருஷத்துக்கு மேல வெச்சிருந்த பிர்னோ .22 ரைபிள் (.22ன்னா குழல் துளை 0.22 அங்குலம்), என் பேர்ல லைசென்ஸ் வாங்க ஒரு வருஷத்துக்கும் மேல அலைஞ்சு, கோயமுத்தூர்ல இருந்து கொங்கு எக்ஸ்பிரஸ்ல நிஜாமுதீன் வரைக்கும் ரெண்டு ராத்திரி தூங்காம மடியில வெச்ச மாதிரி கொண்டு வந்தது, முத நாள் இப்படி.

துப்பாக்கி புதுசா கைக்கு வர்றவங்களுக்கு இத முதல்ல சொல்லிடறேன். தோட்டா வெடிக்கலன்னா உடனே போல்ட்ட, அதாவது தோட்டாவ உள்ள தள்ளி குழலோட பின்பக்கத்த மூடற பாகத்த, திறக்கக் கூடாது. சில சமயம் மருந்து தாமதமா பத்திக்கும். குழல் டார்கெட்ட பாத்தே இருக்கட்டும், முழுசா முப்பது செகண்ட் எண்ணுங்க, அப்புறம்தான் திறக்கணும். நான் எண்ணினேன், திறந்தேன், தோட்டாவ எடுத்து வெச்சுட்டு அடுத்தத போட்டேன், அதுவும் "டக்". பத்துல நாலு வெடிக்கல. தோட்டாதான் சரியில்லன்னு நெனச்சு புது பாக்கெட் பிரிச்சேன். அதுலயும் அதே கதை.

அன்னிக்கு பக்கத்து லேன்ல இருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதார் எழுந்து வந்து, வெடிச்ச காலி தோட்டா ஒண்ணையும் வெடிக்காதது ஒண்ணையும் என் உள்ளங்கையில பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினார். .22ல பத்த வெக்கற மருந்து நடுவுல இருக்காது, பின்னாடி இருக்கற விளிம்புக்குள்ள சுத்தி இருக்கும், போல்ட்டுக்குள்ள இருக்கற ஃபயரிங் பின்ங்கற ஊசி வந்து அந்த விளிம்ப நசுக்கினாதான் பத்தும். வெடிச்ச தோட்டாவோட விளிம்புல நல்ல ஆழமா ஒரு பள்ளம். வெடிக்காததுல நகத்தால கீறின மாதிரி லேசா ஒரு தடம். "தோட்டா மேல தப்பு இல்ல பேட்டி (மகளே), அடி விழல"ன்னார். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா நான் ரெண்டாவது பாக்கெட்ட வீணாக்கியிருக்க மாட்டேன்.

சாயந்திரம் அப்பாவுக்கு போன் பண்ணேன். என்ன எண்ணெய் போட்டீங்கப்பா இதுக்குன்னு கேட்டா, "தேங்காண்ணெய்தான் அம்மிணி, எஸ்டேட்ல வேற என்ன கிடைச்சுது"ன்னார். டெல்லியில இருக்கற தமிழ்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். நவம்பர் பாதியில இருந்தே நம்ம பாத்ரூம்ல தேங்காண்ணெய் பாட்டில் வெள்ளையா உறைஞ்சு நிக்கும், 24 டிகிரிக்கு கீழ போனா அது கட்டி. அன்னிக்கு ரேஞ்ச்ல 7 டிகிரியோ 8 டிகிரியோ. போல்ட்டுக்குள்ள பின்னையும் ஸ்பிரிங்கையும் சுத்தி அது மெழுகு மாதிரி இறுகி, ஸ்பிரிங் தள்ளற வேகத்துல பாதி அங்கயே போயிடுது. வால்பாறையிலயும் குளிருமேப்பா, அப்ப எப்படி சுட்டீங்கன்னு கேட்டேன். "மார்கழியில வெயில்ல அரை மணி நேரம் வெச்சுட்டுத்தான் எடுப்பேன்"ன்னு ரொம்ப சாதாரணமா சொல்றார். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

ரைபிள் பத்தி சொல்லணும். செக்கோஸ்லோவாக்கியால பிர்னோ ஊர்ல ஸ்ப்ரோயோவ்கா கம்பெனி செஞ்ச மாடல் 2, .22 லாங் ரைபிள், போல்ட் ஆக்‌ஷன், கழட்டி மாட்டற அஞ்சு தோட்டா மேகசின். பிர்னோ பேர கேள்விப்படாதவங்க கூட பிரென் கன் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த "பிரென்"ல முதல் ரெண்டு எழுத்து பிர்னோவோடது, அடுத்த ரெண்டு இங்கிலாந்து என்ஃபீல்டோடது. அந்த ஊர் ஆளுங்க செஞ்ச சின்ன ரைபிள் இது. குழல் மேல செக் நாட்டு சோதனை முத்திரை, ஒரு குட்டி சிங்கம், பக்கத்துல 64ன்னு ரெண்டு இலக்கம், அது சோதிச்ச வருஷம். பழைய பிர்னோ வாங்கறவங்க முதல்ல அந்த முத்திரைய லென்ஸ் வெச்சு தேடுங்க, விக்கறவர் சொல்ற வயசு சரியான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

அப்பா வால்பாறையில ஒரு டீ எஸ்டேட்ல ஃபீல்டு ஆபீசர். 1976ல ஊருக்கு திரும்பின ஒரு மேனேஜர்கிட்ட இருந்து லைசென்ஸ்ல ஏத்தி வாங்கினார். 72லயே வனவிலங்கு சட்டம் வந்தாச்சு, அதனால அப்பா இத வெச்சு ஒரு உயிரையும் சுட்டதில்ல, அத அவர் பெருமையா சொல்வார், எனக்கும் அது பெருமைதான். ஞாயித்துக்கிழமை மதியம் மண்மேட்டுக்கு முன்னாடி பால்பவுடர் டப்பா அடுக்கி வெச்சு சுடுவார், நானும் தம்பியும் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு பத்தடி பின்னாடி உக்காந்திருப்போம், டப்பா விழுந்ததும் ஓடக் கூடாது, அவர் போல்ட்ட திறந்து மேகசின கழட்டி, விரல விட்டு தோட்டா உக்கார்ற சேம்பர் காலியான்னு பாத்து "போ"ன்னு சொன்ன பிறகுதான் ஓடணும். ஆறு வயசுல பழகினது, இன்னிக்கு வரைக்கும் போல்ட் திறக்காத துப்பாக்கிய யார் கையில பாத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். .22ன்னா சின்னதுன்னு அசால்ட்டா பேசறவங்க இருக்காங்க, அந்த 2.6 கிராம் ஈயம் தடுக்க ஒண்ணுமில்லன்னா ஒண்ணரை கிலோமீட்டர் வரைக்கும் போகும், பின்னாடி கெட்டியான மண்மேடு இல்லாம அத சுடவே கூடாது.

லைசென்ஸ் விஷயம் நிறைய பேர் கேக்கறாங்க. 2016 ஆயுத விதிகள்ல ஒரு வழி இருக்கு, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு மாத்தணும்னு இல்ல, அவருக்கு 70 வயசு ஆனாலோ, இல்ல அந்த துப்பாக்கிய 25 வருஷம் வெச்சிருந்தாலோ உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு கேக்கலாம். அப்பாவுக்கு 2018ல 70. தம்பி துபாய்ல, அவன் எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுத்தான். நான் இருக்கறது ஆர்.கே. புரம், அதனால விண்ணப்பம் டெல்லி போலீஸ் லைசென்சிங்ல, அப்பாவோட பேப்பர் எல்லாம் கோயமுத்தூர்ல, ரெண்டு ஊருக்கு நடுவுல கடிதம் போய் வர்றதுலதான் நாள் ஓடுச்சு. பாதுகாப்புப் பயிற்சி சர்டிபிகேட், போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் உண்டு. என் அனுபவத்துல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு, துப்பாக்கி நம்பர். அப்பாவோட பழைய லைசென்ஸ் புக்ல யாரோ ஒரு இலக்கத்த தப்பா எழுதியிருந்தாங்க, 3ம் 8ம் குழப்பம், நாப்பது வருஷமா யாரும் கவனிக்கல, அத சரி பண்ணவே மூணு மாசம். உங்க வீட்டுல பழைய ரைபிள் இருந்தா இன்னிக்கே புக்க எடுத்து இரும்புல வெட்டியிருக்கற நம்பரோட ஒவ்வொரு இலக்கமா ஒப்பிட்டு பாருங்க, பெரியவங்க இருக்கும்போதே. அப்புறம், 2019 டிசம்பர் சட்டத் திருத்தத்துல ஒருத்தர் மூணு வெச்சுக்கலாம்னு இருந்தது ரெண்டா குறைஞ்சிடுச்சு, லைசென்ஸ் காலம் மூணு வருஷத்துல இருந்து அஞ்சா ஆயிடுச்சு, பரம்பரையா வர்றதும் அந்த ரெண்டு கணக்குக்குள்ளதான்.

சரி, எண்ணெய்க்கு வர்றேன். சுபேதார் சொன்ன, துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு பழைய ஆர்மரர்கிட்ட போல்ட்ட கொண்டு போனேன். எழுபது வயசு இருக்கும், கை நடுங்குது, ஆனா வேலைன்னு உக்காந்தா நடுக்கம் நின்னுடுது. போல்ட்ட பிரிச்சு மண்ணெண்ணெய்ல போட்டார், கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து பழுப்பு கலர்ல வெல்லப்பாகு மாதிரி இழை இழையா வந்துச்சு, அப்பாவோட எஸ்டேட் வருஷமெல்லாம் அதுலதான் இருந்துச்சு போல. பிரஷ் போட்டு, துடைச்சு, காய வெச்சு, பின்னுக்கு எண்ணெயே போடல. "குளிர்ல போல்ட்டுக்கு உள்ள காய்ஞ்சு இருக்கணும், வெளிய மட்டும் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய், அதையும் துணியில தொட்டு தடவு"ன்னார். அன்னிக்கு அப்புறம் இன்னி வரைக்கும் விளிம்புல அடி சரியா விழாம ஒரு தோட்டா கூட நின்னதில்ல. அவரே இன்னொண்ணும் காட்டினார். காலி துப்பாக்கிய சும்மா ட்ரிக்கர் இழுத்து பழகற பழக்கம் .22க்கு ஆகாது, தோட்டா இல்லன்னா பின் நேரா சேம்பர் விளிம்புல போய் அடிக்கும், பழைய ரைபிள்ல அங்க பள்ளம் விழுந்து தோட்டா ஏறவே கஷ்டமாயிடும். பழகணும்னா அதுக்குன்னு இருக்கற ஸ்னாப் கேப்ங்கற மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு பழகுங்க.

அதே நேரத்துல நான் பண்ணின ஒரு தப்பு இன்னும் மனச உறுத்துது. ஸ்டாக்க, அதாவது ரைபிளோட மரக்கட்டைய, கழட்டி அடியில துரு இருக்கான்னு பாக்கலாம்னு வீட்டுல இருந்த சாதாரண ஸ்க்ரூ டிரைவர எடுத்து அடி ஸ்க்ரூவ திருகினேன், முனை அந்த குழிக்கு ஒல்லி, வழுக்குச்சு, அம்பத்தஞ்சு வருஷமா யாரும் தொடாத ஸ்க்ரூ தலையில பளபளன்னு ஒரு கீறல். துப்பாக்கி ஸ்க்ரூ குழி ரெண்டு பக்கமும் நேரா இருக்கும், கடை ஸ்க்ரூ டிரைவர் முனை ஆப்பு மாதிரி சாய்வா இருக்கும், குழிக்கு அளவா நேர் முனையா தேய்ச்ச ஸ்க்ரூ டிரைவர்தான் வேணும். இப்ப அந்த ரெண்டு ஸ்க்ரூவுக்குன்னே ஒண்ணு தனியா வெச்சிருக்கேன். இன்னொண்ணு, அந்த ஸ்க்ரூவ எவ்வளவு இறுக்கறோம்கறத பொறுத்து குண்டு போய் விழற இடம் மாறும். எனக்கு கழட்டி மாட்டின பிறகு ரெண்டு விரல் அளவு இடது பக்கம் போச்சு. காரணம் இல்லாம கழட்டாதீங்க.

கட்டைய பத்தியும் சொல்லணும். வால்நட் மரம், தோள்ல வெக்கற பட் பக்கத்துல கருப்பும் தேன் கலரும் கலந்து ஓடற ரேகை, கன்னம் படற இடத்துல அப்பாவோட வேர்வை பட்டு கறுத்து வழவழன்னு இருக்கும். கீர்த்தி நகர்ல ஃபர்னிச்சர் பாலிஷ் போடற ஒருத்தர் அத கையில வாங்கி பாத்துட்டு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்னார். கொடுத்துட்டு வந்திருப்பேன், வாசல் வரைக்கும் வந்துட்டேன், திரும்பி போய் வாங்கிட்டேன். தேய்ச்சா அந்த கறுப்பு போயிடும். இரும்பையும் மரத்தையும் சேத்து செதுக்கின விளிம்பு எல்லாம் மழுங்கி, இரும்பு மேல தூக்கி நிக்கும், அதுக்கப்புறம் எத்தன லட்சம் கொடுத்தாலும் திரும்ப வராது. நான் பண்றது வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் நாலஞ்சு சொட்டு, உள்ளங்கையில சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு, துணியால துடைச்சு எடுத்துடறது. அவ்வளவு போதும் அதுக்கு.

2020 ஜனவரியில டெல்லி சட்டசபை எலக்‌ஷன் அறிவிச்சாங்க, துப்பாக்கிய ஒப்படைக்கணும்னு எனக்கும் நோட்டீஸ் வந்துச்சு. ஒரு லைசென்ஸ் டீலர்கிட்ட டெபாசிட் பண்ணேன், பேரு வேண்டாம். ரிசல்ட் எல்லாம் வந்த பிறகு போய் வாங்கினா, குழல் மேல யாரோட கட்டை விரல் ரேகையோ அப்படியே துருவா பதிஞ்சிருக்கு, கோடு கோடா எண்ணலாம். வெறும் கையில எடுத்து துடைக்காம வெச்சிருக்காங்க, ஒரு மாசத்துல அந்த நீலக் கறுப்பு பூச்ச வேர்வை உப்பு தின்னுடுச்சு. கேட்டா ரசீதுல நிலைமை எழுதலையே, வரும்போதே இருந்திருக்கும்னு சொல்லிட்டாங்க. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் வந்த ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் இப்படித்தான் பண்றேன்: முந்தின நாள் ராத்திரி இரும்பு முழுக்க மெழுகு பூசி, துணி உறையில போட்டு, நாலு பக்கமும் தேதியோட போட்டோ எடுத்து, ரசீதுல நம்பரோட "துரு இல்ல, கீறல் இல்ல"ன்னு அவங்க கையாலயே எழுத வெச்சு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் கடைய விட்டு இறங்குவேன். அவங்க முறைச்சாலும் பரவால்ல. வீட்டுலயும் லெதர் உறைக்குள்ள நிரந்தரமா வெக்காதீங்க, தோல் பதப்படுத்தற உப்பு மழைக்காலத்துல ஈரம் இழுத்து துரு பிடிக்க வெச்சிடும். இரும்பு பெட்டி, சிலிக்கா ஜெல், போல்ட் வேற பூட்டுல, தோட்டா வேற பூட்டுல.

அந்த விரல் ரேகைய லாக்டவுன்ல உக்காந்து எடுத்தேன். ரொம்ப மெல்லிசான நாலு சைபர் இரும்பு நார், மேல எண்ணெய், அழுத்தாம சின்ன வட்டமா, ஒரு நாளைக்கு பத்து நிமிஷம். துரு போச்சு, ஆனா சாய்வா வெளிச்சத்துல புடிச்சா அந்த இடம் கொஞ்சம் வெளிறித் தெரியும். திரும்ப பூச்சு போடலாம்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன், சிங்க முத்திரைக்கு பக்கத்துலயே இருக்கு, பாலிஷ் பண்ணினா முத்திரையும் மழுங்கும்.

அடுத்த குளிர்காலத்துல தான் ஒழுங்கா சுட ஆரம்பிச்சேன். பழைய ரைபிள் எந்த தோட்டாவ விரும்பும்னு யாராலயும் வாயால சொல்ல முடியாது, சுட்டுப் பாத்துதான் தெரியும். நாலு வகை ஒவ்வொரு பாக்கெட் வாங்கினேன், மணல் பை மேல வெச்சு, 50 மீட்டர்ல ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அஞ்சா மூணு குரூப். வகை மாத்தும்போது முதல் பத்து குண்ட கணக்குல எடுக்காதீங்க, பழைய தோட்டாவோட மெழுகு குழல்ல இருக்கும், புதுசு படிஞ்சாதான் நிலைக்கு வரும். ஹை வெலாசிட்டி ரெண்டு வகையும் 55, 60 மில்லிமீட்டர்னு விரிஞ்சுது, சாதா வேகத்துல போற ஒண்ணு 28 மில்லிமீட்டருக்குள்ள அஞ்சையும் வெச்சுது. காரணம் இருக்கு. சாதா வேகம்னா செகண்டுக்கு 325 மீட்டர் மாதிரி, சத்தத்தோட வேகத்துக்கு கீழயே கிளம்பி கீழயே போய் சேரும். ஹை வெலாசிட்டி 380ல கிளம்பி, 50 மீட்டர் பக்கம் வரும்போது சத்தத்தோட வேகத்துக்கு இறங்கும், அந்த இடத்துல காத்து குண்ட உலுக்கும். விலை ஜாஸ்தின்னா நல்லா சுடும்னும் இல்ல, நான் வாங்கினதுல விலை ஜாஸ்தியானது ரெண்டாவதாத்தான் வந்துச்சு.

50 மீட்டர் கார்டுல பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர் விட்டம், சட்டை பட்டன் அளவு. அத ரைபிள் மேல குறி பாக்க இருக்கற இரும்பு சைட்ல பாக்கணும். அப்ப எனக்கு வயசு 46, முன் சைட் ரெண்டா தெரிய ஆரம்பிச்சுது. ஸ்கோப் மாட்டுன்னு நிறைய பேர் சொன்னாங்க, எனக்கு அப்பா பாத்த அதே சைட்லயே பாக்கணும். கண் டாக்டர்கிட்ட விஷயத்த சொல்லி, என் தூரப் பார்வை பவரோட அரை பிளஸ் சேத்து ஒரு கண்ணாடி போட்டேன், முன் சைட் கத்தி மாதிரி கூர்மையாச்சு, டார்கெட் லேசா மங்கலா தெரியும், அப்படித்தான் இருக்கணும். கண்ணு முன் சைட்லயே நிக்கணும், டார்கெட்ட ஆசையா பாத்தீங்கன்னா குண்டு எங்கயோ போகும்.

சுத்தம் பண்ற விஷயத்துல ஜாஸ்தி ஆர்வம் ஆபத்து. நல்ல .22 குழல் தேய்ஞ்சு போறத விட, ராடு போட்டு முனையில தேய்ச்சு கெட்டுப் போறதுதான் அதிகம். இதுல ட்ரிக்கர இழுத்துப் புடிச்சுக்கிட்டே போல்ட்ட பின்னாடி இழுத்தா முழுசா வெளிய வந்துடும், அதனால பின்னாடி இருந்தே ராடு விடலாம், முன் வாய் வழியா விடாதீங்க, அந்த வாய் ஓரத்துல சின்ன தேய்மானம் வந்தாலும் குண்டு ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு வெளிய வரும். நான் நூறு, நூத்தம்பது குண்டுக்கு ஒரு தடவை ரெண்டு காய்ஞ்ச துணி விடறேன், மழைக்காலம் ஆரம்பிக்கும்போது மட்டும் எண்ணெய் துணி.

போன பிப்ரவரி அப்பா டெல்லி வந்தார். ஆர்.கே. புரம் முருகன் கோயில் மலை மந்திர்ல தரிசனம் முடிச்சு, நேரா ரேஞ்ச்சுக்கு. மப்ளர் சுத்திக்கிட்டு பின்னாடி ஸ்டூல் போட்டு பைனாகுலரோட உக்காந்தார், நான் படுத்தேன். முத குண்டு போனதும் "கீழ, ஏழு மணி பக்கம்"ன்னார். நான் சைட்ட தொடல, மூச்ச மட்டும் கவனிச்சேன். அடுத்த நாலும் ஒண்ணும் பேசல. கார்டு கைக்கு வந்ததும் ரெண்டு பத்து, ரெண்டு ஒம்பது, அந்த ஏழு மணி எட்டு, விரலால ஒவ்வொரு ஓட்டையா தொட்டு பாத்தார். அப்புறம் போல்ட்ட கேட்டார், கழட்டி கொடுத்தேன், மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பாத்து, "தேங்காண்ணெய் வாசமே இல்லையே அம்மிணி"ன்னார். இல்லப்பான்னேன். தலைய ஆட்டிட்டு கார்ட மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.